உருகிய தவளைகள்

முத்திருளன் வில்லாபுரத்தில் பைக் சீட் தைக்கும் கடை வைத்திருந்தான். வயது நாற்பத்தொன்று. ஞாயிற்றுக்கிழமை ஆனால் கடையைப் பூட்டிவிட்டுக் கண்மாய்க்குத் தூண்டிலோடு கிளம்பிவிடுவான். மதுரையிலும் சுற்றுவட்டத்திலும் விராலுக்குத் தூண்டில் போடுகிற நாற்பது பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருந்தார்கள். அதில் அவனுக்குப் பெயரே தவளைக்காரர்தான்.

விராலுக்குத் தவளை என்றால் உயிர். தாமரை இலைக்கடியில் அசையாமல் கிடக்கும் மீன், தலைக்கு மேல் தவளை தத்திப் போனால் பாய்ந்து கவ்வும். அதனால் மெத்தென்ற பொம்மைத் தவளைக்குள் முள்ளை மறைத்து வைத்து வீசுவார்கள். கடைத் தவளை நாலு கடியில் கிழிந்துவிடும். முத்திருளன் வீட்டிலேயே செய்தான். சரியான பொருளைக் கண்டுபிடிக்க அவனுக்கு இரண்டு வருஷம் பிடித்தது. குளூ கன் குச்சியை உருக்கி ஊற்றிப் பார்த்தான். விடியற்காலைத் தண்ணீரில் கட்டை போல விறைத்துக்கொண்டது. ஜெலட்டினில் செய்தது அரை மணி நேரத்தில் கூழாகிப்போனது. சைக்கிள் டியூபில் கால் நன்றாக வந்தது, உடம்பு வரவில்லை. கடைசியில் ஜன்னல் கண்ணாடி ஒட்டுகிற சிலிக்கோன் பசையை மக்காச்சோள மாவோடு பிசைந்து அச்சில் அழுத்தினான். அது நின்றது. கிழியவே கிழியாத தவளை. குரூப்பில் பாதிப் பேர் அதைத்தான் வீசினார்கள். வாரா வாரம் அவனுடைய தவளை வாயில் தொங்கும் விராலின் படம் ஒன்றாவது வரும். அவன் அதைத் தன் மனைவி சுபலட்சுமியிடம் காட்டிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவான்.

தை மாதம் பவதாரிணி குரூப்பில் சேர்ந்தாள். கோச்சடையில் குடியிருந்தாள், ஒரு கல்லூரியில் வேதியியல் ஆய்வக உதவியாளர். உசிலம்பட்டிப் பக்கத்துக் கண்மாய் ஒன்றில் சின்ன வயதிலிருந்து தூண்டில் போட்டவள். வந்த முதல் வாரமே முத்திருளனின் தவளை ஒன்றைக் கையில் வாங்கி அமுக்கிப் பார்த்துவிட்டு, நல்லாயிருக்கு, ஆனால் வயிறு கெட்டியாக இருப்பதால் மீன் கவ்வினாலும் முள் வெளியே வராதே என்றாள். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அவனும் சிரித்துக்கொண்டுதான் கேட்டான். ஆனால் அவள் சொன்னது உண்மை. பத்துக் கடியில் நாலு தவறுவது அவனுக்கும் தெரியும். அதை இதுவரை யாரும் அவனிடம் சொன்னதில்லை.

மாசியில் அவள் தன் தவளையைக் கொண்டுவந்தாள். பொம்மைக் கம்பெனியில் வேலை பார்க்கும் தோழியிடம் பிளாஸ்டிசால் வாங்கியிருந்தாள். பார்க்கப் பால் போல இருக்கும். சூடேற்றினால் தெளிந்து, ஆறினால் மெத்தென்று ஆகிவிடும். அதில் மென்மைக்கு ஒரு எண்ணெயும், சூட்டில் கருகாமல் இருக்க ஒரு மருந்தும் சேர்த்திருந்தாள். பொம்மை செய்கிற மாதிரியே சூடான அலுமினிய அச்சில் ஊற்றி, ஓரத்தில் தோல் பிடித்ததும் மிச்சத்தைக் கவிழ்த்துவிட்டாள். வயிறு காலி. விரால் கடித்ததும் தவளை அமுங்கியது, முள் எழும்பியது. அன்று ஒரே காலையில் அவள் ஐந்து மீன் பிடித்தாள். முத்திருளனுக்கு ஒன்று மாட்டியது, இரண்டு தப்பியது.

அடுத்த மூன்று வாரமும் குரூப்பில் வந்த படங்களில் எல்லாம் பவதாரிணியின் பச்சைத் தவளைகள். குரூப்பை நடத்துகிற பாண்டியராஜன் முத்திருளனின் பால்ய சிநேகிதன். அவனே அவளிடம் ஆறு கேட்டு வாங்கிக்கொண்டான். முத்திருளன் கடையில் ரெக்சினை வெட்டும்போது கத்திரி கோட்டை விட்டு விலகியது. இரண்டு வருஷம் தான் அலைந்ததை அவள் இரண்டு மாதத்தில் முடித்துவிட்டாள். அதுவும் பொம்பளை. அதுவும் எந்தத் தெருக்காரி என்று வேறு அவன் மனசு போய் நோண்டியது. வெளியே யாரிடமும் அப்படிக் கேட்கிற ஆள் இல்லை அவன். உள்ளே கேட்டுக்கொண்டது அவனுக்கே அசிங்கமாக இருந்தது. ஆனாலும் நோண்டல் நிற்கவில்லை.

அவனிடம் வெளிநாட்டு ரப்பர் புழு ஒரு பாக்கெட் இருந்தது. இழுத்தால் முழ நீளத்துக்கு வரும், அது வேறு வகைப் பொருள். ஒரு தடவை தெரியாமல் அதைக் கடையில் வாங்கிய பிளாஸ்டிசால் பொம்மை மீன்களோடு ஒரே டப்பாவில் போட்டு வைத்து, இரண்டும் ஒன்றையொன்று தின்று பிசினாகிப்போனதை அவன் பார்த்திருந்தான். குரூப்பில் வேறு யாருக்கும் அது தெரியாது.

பங்குனி முதல் ஞாயிறு, கண்மாயிலிருந்து வேனில் திரும்பும் வழியில் செக்கானூரணியில் எல்லோரும் டீ குடிக்க இறங்கினார்கள். பவதாரிணியின் பை வேனிலேயே இருந்தது. முத்திருளன் செல்போனை மறந்துவிட்டேன் என்று சொல்லித் திரும்பி வந்தான். அவளுடைய டப்பாவைத் திறந்து, முப்பது தவளைக்கு அடியில் இரண்டு பச்சைப் புழுக்களைச் செருகினான். மூடினான். டீக்கடைக்குத் திரும்பிப் போய் மற்றவர்களோடு சிரித்துப் பேசினான். அதை நினைத்துத்தான் பின்னால் அவன் பயந்தான்.

அடுத்த ஞாயிறு அவள் மீனுக்கு வரவில்லை. பத்து நாள் வெயில் போதுமானதாக இருந்தது. அவள் டப்பாவைத் திறந்தபோது உள்ளே பச்சைக் களிம்புதான் கிடந்தது. புழுவும் அதிலேயே கரைந்து போயிருந்தது. அவள் நேராக முத்திருளனுக்குத்தான் போன் செய்தாள். பொருளைப் பற்றி அவனைவிட யாருக்குத் தெரியும் என்று நினைத்திருக்கிறாள்.

"அண்ணே, எல்லாம் உருகிப்போச்சுண்ணே. எதுல தப்புன்னு தெரியல."

அவன் அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். எண்ணெய் அதிகமாகியிருக்கும், பாதியாகக் குறைத்துப் பார் என்றான். சரிண்ணே என்று வைத்துவிட்டாள்.

அவள் குறைத்தாள். தவளை விறைத்தது, மீன் கவ்வித் துப்பியது. பிறகு அவளே குரூப்பில் எழுதினாள்: என்னிடம் வாங்கிய தவளைகள் எந்த நேரமும் உருகலாம், தயவுசெய்து திருப்பித் தந்துவிடுங்கள், தப்பு என்னுடையது. பாண்டியராஜன் ஆறையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, முத்திருளனிடம் பழையபடி நாலு கேட்டான். குரூப்பில் மறுபடி அவனுடைய தவளைப் படங்கள் வந்தன. அவன் அவற்றைச் சுபலட்சுமியிடம் காட்டவில்லை. அவள் ஏன் என்று கேட்டதற்குக் கண் வலிக்கிறது என்றான்.

சித்திரையில் பவதாரிணி மறுபடி கூப்பிட்டாள். பத்து விதமாகக் கலந்தாயிற்று, ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்றாள். குரல் கரகரத்திருந்தது. போகாமலிருக்க அவனுக்குக் காரணம் கிடைக்கவில்லை.

கோச்சடையில் அவள் வீட்டு மாடியில் தகரக் கொட்டகை போட்டிருந்தாள். மின்னடுப்பு, அச்சு, ஒரு பெஞ்சில் வரிசையாகக் கண்ணாடிப் புட்டிகள். ஒவ்வொன்றிலும் தேதியும் அளவும் எழுதி ஒட்டியிருந்தது. ஒவ்வொரு புட்டியிலும் ஒரு தவளை. ஒன்றும் உருகவில்லை. உருக்கும்போது எழும் புகையை இழுத்து இழுத்து அவளுக்கு இருமல் விடாமல் வந்தது. அவள் நோட்டை அவனிடம் நீட்டினாள். ஒரு பக்கத்தின் தலைப்பில், 'முத்திருளன் அண்ணன் சொன்னது' என்று அடிக்கோடு போட்டு எழுதியிருந்தது. அதற்குக் கீழே நாலு பக்கம் கணக்கு.

"எதுவுமே உருக மாட்டேங்குதுண்ணே. அன்னைக்கு மட்டும் ஏன் உருகுச்சு? அது தெரியாம நான் ஒருத்தருக்கும் குடுக்க முடியாது."

அவன் நோட்டை மூடி பெஞ்சில் வைத்தான்.

"உன் கலவையில தப்பு இல்லம்மா. நான்தான் டப்பாவுல வேற ரப்பர் புழுவப் போட்டேன். ரெண்டும் சேர்ந்தா உருகும். தெரிஞ்சுதான் போட்டேன்."

அவள் உடனே கோபப்படவில்லை. முகத்தில் முதலில் வந்தது நிம்மதி. அதைப் பார்க்கத்தான் அவனால் முடியவில்லை.

"அப்ப முதல் அளவு சரிதான்" என்றாள் மெதுவாக.

"சரிதான்."

"எம்புட்டுப் போட்டீங்க?"

"ரெண்டு."

அவள் இருமினாள். தண்ணீர் குடித்தாள். பிறகுதான் கண் சிவந்தது. தான் ஒரு மாதமாகத் தூங்காததையும், கல்லூரிக்கு லீவு போட்டதையும், மூச்சு வாங்கி ஆஸ்பத்திரிக்குப் போனதையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். சத்தம் போடவில்லை. அவன் மன்னிப்புக் கேட்டபோது கையைக் காட்டி நிறுத்தினாள்.

"எங்கிட்டக் கேக்காதீங்க. தப்பு என்னுதுன்னு குரூப்புல எழுதியிருக்கேன். அது உங்களுதுன்னு நீங்க அங்க சொல்லுங்க. சொல்லிட்டுப் போங்க."

அவன் மாடிப்படியில் உட்கார்ந்து குரலைப் பதிவு செய்து அனுப்பினான். மூன்று தடவை அழித்துவிட்டு நாலாவது தடவை. நாற்பது பேரும் கேட்டதற்கான நீல அடையாளம் விழுந்தது. ஒருவரும் பதில் போடவில்லை. சாயங்காலம் பாண்டியராஜன் மட்டும் கூப்பிட்டான்.

"ஏன் மாப்ள, கேட்டிருந்தா அந்தப் பிள்ளையே சொல்லிக் குடுத்திருக்குமே?"

"அந்தப் பிள்ளைகிட்டப் போய்க் கேக்குறதுதான் எனக்கு ஆகல" என்றான் முத்திருளன்.

அன்றைக்கே குரூப்பிலிருந்து விலகிக்கொண்டான். சுபலட்சுமியிடமும் சொன்னான். அவள் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள், அந்தப் பெண்ணுக்கு இருமல் நின்றுவிட்டதா என்று மட்டும் கேட்டாள். அவனுக்குத் தெரியவில்லை.

ஆனிக் கடைசியில் கண்மாய் வற்றி நடுவில் மட்டும் தண்ணீர் நின்றது. கண்மாய் மீனை ஏலம் எடுத்த சுருளியிடம் சொல்லிவிட்டு முத்திருளன் தனியாகப் போயிருந்தான். எதிர்க்கரையில் பவதாரிணி நின்றிருந்தாள். அவள் அவனைப் பார்த்தாள், தலையசைக்கவில்லை, மறுபடி வீசினாள். தவளை விழுந்த இடத்தில் தண்ணீர் வெடித்தது. கம்பு வில்லாக வளைந்தது. மூன்று கிலோவுக்குக் குறையாத விரால். அவன் இத்தனை வருஷத்தில் அந்த அளவுக்குப் பிடித்ததே இல்லை. சேற்றுக் கரையில் அவளால் கீழே இறங்க முடியவில்லை, கையில் வலையும் இல்லை.

முத்திருளனுக்கு வயிறு எரிந்தது. அந்த மீன் தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டு போய்விடாதா என்று ஒரு கணம் ஆசைப்பட்டான். பிறகு தன் கைவலையை எடுத்துக்கொண்டு கரையைச் சுற்றி ஓடினான். முழங்கால் வரை சேற்றில் இறங்கி மீனை வலையில் ஏந்தி மேலே நீட்டினான். வயிறு இன்னும் எரிந்துகொண்டுதான் இருந்தது.

அவள் மீனை எடுத்துக்கொண்டாள். வலையைத் தண்ணீரில் அலசி அவனிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"கால் வழுக்கப்போகுது, பாத்து ஏறுங்க" என்றாள். அண்ணே என்று சொல்லவில்லை.