நாலாம் அறையில் பதினொரு நிமிடம்

மெத்தைக்காரன் சிறையில் காய்ச்சலில் இறந்த ஏழாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்கு, நீதிமன்றத்தின் நாலாம் அறையிலிருந்த சாட்சிக் கூண்டில் அவன் குரல் பேசத் தொடங்கி, பத்து ஐம்பத்தொன்றுக்கு நின்றது. மறுநாளும் அதே நேரத்தில் தொடங்கி அதே நேரத்தில் நின்றது. சனி, ஞாயிறு பேசவில்லை. முதலில் கேட்டவர் தரை துடைப்பவர். அவர் வெந்நீர்க் குழாயில் ஏதோ அடைப்பு என்று மேலிடத்தில் சொல்ல, சுவரை இரண்டு இடத்தில் உடைத்துப் பார்த்தார்கள். காற்றுக் குழாயைக் கழற்றினார்கள். அதில் தூசியும் ஒரு குடைப்பிடியும் இருந்தன. குரல் சுவரிலிருந்து வரவில்லை. நடுத்தர உயரமுள்ள ஓர் ஆளின் வாய் எங்கே இருக்குமோ அந்த இடத்திலிருந்து வந்தது. அங்கே கையை நீட்டினால் லேசான வெதுவெதுப்பு தெரிந்தது. என்ன மொழி என்று அறையில் யாருக்கும் விளங்கவில்லை. ஆனால் தட்டச்சுக்காரம்மா மட்டும், இரண்டு வருடத்துக்கு முன் இதே கூண்டில் நின்ற மெத்தைத் தொழிற்சாலை ஆளின் குரல் இது என்று அடித்துச் சொன்னாள். ஆகவே அவன் பெண்டாட்டியை வரவழைத்துப் பையைச் சோதித்தார்கள். ஒரு சீப்பு, ஒரு சாப்பாட்டு டப்பா, தலைவலி மாத்திரை, பல நிறத்தில் நூல்கண்டுகள். பேசும் கருவி எதுவும் இல்லை. டப்பாவைத் திறந்து சோற்றைக் கிளறியும் பார்த்தார்கள்.

அவள் துணிக்கடை ஒன்றின் பின்னறையில் கால்சட்டைகளின் நீளத்தைக் குறைத்துத் தைப்பவள். தையல்காரி என்றே தெருவில் பெயர். புருஷனைப் போலவே அவளுக்கும் இந்த நாட்டு மொழியான ஆங்கிலத்தில் நாற்பது சொல்தான் தெரியும். அதில் முக்கால்வாசி அளவுகள். நீதிமன்றம் அவளைச் சந்தேகப்படுவதற்கு இரண்டு வருடம் முன்பே அவள் நீதிமன்றத்தைச் சந்தேகப்படத் தொடங்கியிருந்தாள். தொழிற்சாலை ஒரு மாலை ஏழரை மணிக்குத் தீப்பிடித்தது. அதற்கு முந்தின நாள் மெத்தைக்காரன் மேற்பார்வையாளரிடம் வாய்ச்சண்டை போட்டிருந்தான். அந்த ஒரு காரணத்துக்காக, தீ வைத்தவன் அவன்தான் என்று பிடித்துப் போனார்கள். விசாரணை நாளில், கூப்பிடும்வரை சாட்சிகள் உள்ளே இருக்கக் கூடாது என்று அவளை வராண்டாவில் உட்கார வைத்தார்கள். கதவு தடிமன். சொற்கள் கேட்கவில்லை, குரல் மட்டும் கேட்டது. எதிர்ச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து நாற்பதுக்குத் தொடங்கிய புருஷன் குரல் பத்து ஐம்பத்தொன்றுக்கு நின்றது. அதற்கப்புறம் மொழிபெயர்ப்பாளரின் குரல் ஒரு தும்மல் நேரம் கேட்டது. அவ்வளவுதான். பதினொரு நிமிடம் உள்ளே போய் ஒரு தும்மலாக வெளியே வந்ததை அவள் மறக்கவேயில்லை. பிறகு அவளைக் கூப்பிட்டு, தீப்பிடித்த அன்று மாலை அவர் உன்னோடு இருந்தாரா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். இருந்தார் என்றாள். பதினாலு பக்கத் தீர்ப்பையும் மொழிபெயர்ப்பாளர் அவளுக்கு ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்: "பொய்யின்னு முடிவு பண்ணிட்டாங்கம்மா. பத்து வருஷம்."

அந்த மொழிபெயர்ப்பாளருக்கு நம் ஆட்கள் வைத்திருந்த பெயர் ரத்தினச்சுருக்கம். பகலில் விண்ணப்பங்கள் நிரப்பித் தரும் கடை வைத்திருந்தார். கூப்பிட்டால் நீதிமன்றத்துக்கு வருவார். அரசாங்கம் கொடுத்த வக்கீலும் இவர் வழியாகத்தான் மெத்தைக்காரனிடம் பேசியிருந்தார், இரண்டே தடவை. தீர்ப்புக்குப் பிறகு ரத்தினச்சுருக்கம் புதுச் செருப்பு போட்டுக்கொண்டு தெருவில் நடந்ததைத் தையல்காரி பார்த்தாள். தொழிற்சாலை முதலாளியின் கார் எந்தப் பக்கம் போகிறது என்று கவனித்தாள். வக்கீல் கைகுலுக்கும்போது யார் கையை அதிக நேரம் பிடித்திருக்கிறார் என்று எண்ணினாள். கடைசியில் புருஷனையே சந்தேகப்பட்டாள். நடந்ததை வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லாமல் விட்டுவிட்டானோ என்று. சிறைக்குப் போய் அவனிடமே கேட்கலாமென்றால், காவலருக்குப் புரிகிற மொழியில்தான் பேச வேண்டும் என்பது அங்கே விதி. இரண்டு வருடமும் புருஷனும் பெண்டாட்டியும் அந்த நாற்பது சொல்லுக்குள்தான் குடும்பம் நடத்தினார்கள். சாப்பாடு நல்லா? நல்லா. தூக்கம் நல்லா? நல்லா. ஒருமுறை அவன் கண்ணாடித் தடுப்பில் விரலால் வட்டமாக ஏதோ வரைந்தான். காவலர் கையைத் தட்டிவிட்டார். அவள் எழுதிய கடிதங்களும் அவன் எழுதியவையும், படித்துப் பார்க்க ஆள் இல்லையென்று ஓர் அலமாரியில் கிடந்தன, இன்றைக்கும் கிடக்கின்றன.

பையைச் சோதித்த அன்று அவளைக் கையோடு நாலாம் அறைக்குக் கூட்டிப்போய் நிறுத்தினார்கள், முகம் மாறுகிறதா என்று பார்க்க. பத்து நாற்பதுக்கு அவன் பேசினான். ரத்தினச்சுருக்கம் எங்கோ ஒளிந்து குரல் மாற்றிப் பேசுகிறார் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் ஓர் இடைவெளி விழுந்தது. மெத்தைக்காரனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதிரே இருப்பவர் உம் கொட்டாவிட்டால் அவனுக்கு அடுத்த வாக்கியம் வராது. கல்யாணமான புதிதில் அவள் தூங்கி வழிந்துகொண்டே உம் கொட்டியிருக்கிறாள். அந்த இடைவெளியை வேறு யாராலும் அப்படி விட முடியாது. தன்னையறியாமல் அவளும் ஒவ்வொன்றுக்கும் உடனுக்குடன் உம் கொட்டினாள்.

குரல் சொன்னது இதுதான். அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு அவன் வேலை முடிந்து வந்தபோது அவள் குளியலறைத் தரையில் கிடந்தாள். மூன்று மாதக் கரு கலைந்திருந்தது. ஆஸ்பத்திரி வேண்டாம், யாருக்கும் தெரிய வேண்டாம் என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளைக் குளிப்பாட்டிப் படுக்க வைத்துவிட்டு, போர்வையையும் துணிகளையும் மூட்டை கட்டித் தெருமுனைச் சலவைக்கடைக்குப் போனான். அப்போது மணி ஏழு. கடைக்காரி மூட்டையைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல், சூடுதண்ணீர் பொத்தானை அழுத்தப்போன அவன் கையைத் தள்ளிவிட்டுக் குளிர்தண்ணீர் பொத்தானைக் காட்டினாள். இயந்திரத்தின் வட்டக் கண்ணாடிக்கு முன்னால் முக்கால் மணி நேரம் நின்றேன், தண்ணீர் சிவப்பிலிருந்து வெளுப்பாகும்வரை நின்றேன், அந்த அம்மாவைக் கேளுங்கள், அவருக்கு என்னைத் தெரியும். அதோடு குரல் நின்றது. அவள் முகம் மாறியதை அதிகாரிகள் குறித்துக்கொண்டார்கள். அவளோ சிறைக் கண்ணாடியில் அவன் வரைந்த வட்டத்தை நினைத்துக்கொண்டிருந்தாள்.

நேரே விண்ணப்பக் கடைக்குப் போனாள். அண்ணே என்று கூப்பிடுகிறவள் அன்று அதை வாசலிலேயே விட்டுவிட்டாள்.

"யார்கிட்ட வாங்கின?"

"உக்காரும்மா முதல்ல."

"உக்கார வரல. பதினொரு நிமிஷம் பேசியிருக்கார். நீ என்ன சொன்ன?"

"வீட்லதான் இருந்தாராம்னு சொன்னேன்."

"சலவைக்கடையை?"

"அதைச் சொன்னா மூட்டையில என்னன்னு கேப்பாங்க. அஞ்சு ஆம்பளைங்க உக்காந்திருந்தாங்கம்மா அந்த ரூம்ல. எப்படிச் சொல்றது?" அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். "தெரு கேமராவுல மூட்டையோட போறது பதிவாயிருக்கும்னு நான் கண்டேனா? வீட்ல இருந்தேன்னவன் வெளிய போயிருக்கான், அப்ப அது மண்ணெண்ணெய்த் துணிதான்னு முடிச்சுட்டாங்க."

"அதுக்கப்புறமாவது வாயைத் திறந்திருக்கலாமே."

"திறந்தா என் வேலை போயிடும். அது ஒண்ணு. இன்னொண்ணு, நீதானேம்மா சொன்ன."

"நான் என்ன சொன்னேன்?"

"வராண்டாவுல. 'அண்ணே, நம்ம வீட்டு அந்தரங்கம் எதுவும் சபைக்கு வரவேண்டாம், நாலு பேர் வாயில விழக்கூடாது'ன்னு. நான் வாக்குக் குடுத்தேன்."

அவள் உட்கார்ந்தாள். சொன்னது ஞாபகம் வந்தது. அப்போதும் அவர் இதே மாதிரிதான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டு வருடமாக எல்லோரையும் துருவிப் பார்த்தவள் அந்த வராண்டாவில் உட்கார்ந்திருந்த பொம்பளையை மட்டும் விட்டுவிட்டிருந்தாள்.

"அவர் பேசப் பேச நீ என்ன பண்ணிட்டிருந்த?" என்றாள் கடைசியாக.

"உம் கொட்டினேன்."

எல்லாம் போய்ச் சேருகிறது என்று நம்பித்தான் அவன் கடைசிவரை பேசியிருக்கிறான்.

வழக்கை மறுபடி திறக்க மனு வேண்டும். மனுவில் குளியலறைத் தரையிலிருந்து எல்லாம் இருக்க வேண்டும். பக்கத்துத் தெருவில் மாலை வகுப்பு எடுக்கும் டீச்சரம்மா எழுதிக் கொடுத்தாள். வாசித்துக் காட்டியபோது தையல்காரி இரண்டு தடவை நிறுத்தச் சொன்னாள். ஒரு தடவை, எதையும் சுருக்கிவிடவில்லையே என்று கேட்டாள். அந்த டீச்சரம்மாவையும் அவள் முழுசாக நம்பவில்லை. வாக்கியங்களை விரல் விட்டு எண்ணிச் சரிபார்த்த பிறகே கையெழுத்துப் போட்டாள். குரலுக்குச் சத்தியப் பிரமாணம் செய்து வைக்க வேண்டுமா என்று நீதிமன்றம் பன்னிரண்டு நாள் யோசித்தது. முதலில் செய்த பிரமாணத்துக்குக் காலாவதித் தேதி ஏதும் போட்டிருக்கவில்லை, அதனால் அதுவே செல்லும் என்று முடிவானது.

மறுவிசாரணை அன்று டீச்சரம்மா மொழிபெயர்த்தாள். முதல் வாக்கியம் முடிந்தது. அவள் அதை ஆங்கிலத்தில் சொல்வதற்குள் வழக்கமான இடைவெளி தாண்டிவிடும், அடுத்தது ஓடிவிடும் என்று எல்லோரும் பயந்தார்கள். ஓடவில்லை. அறையில் தையல்காரி இருந்ததால் குரல் காத்திருந்தது. டீச்சரம்மா சொல்லி, தட்டச்சுக்காரம்மா அடித்து முடித்ததும் தையல்காரி "உம்" என்றாள். அடுத்த வாக்கியம் வந்தது. இப்படியே பதினொரு நிமிடம் ஒன்றரை மணி நேரமாயிற்று. சிவப்புத் தண்ணீர் வந்த இடத்தில் அவள் உம் கொட்டக் கொஞ்சம் தாமதித்தாள். அறை முழுக்க அவளுக்காகக் காத்திருந்தது. அவள் தலையைக் குனியவில்லை. பிறகு சலவைக்கடைக்காரி வந்து, அந்த ஆளை எனக்குத் தெரியும், கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார், இதுவரை என்னை யாரும் கேட்கவில்லை என்றாள். ரத்தினச்சுருக்கத்தையும் கூப்பிட்டார்கள். "அந்தப் பொண்ணு மானத்தைக் காப்பாத்தினேன்" என்றார். டீச்சரம்மா அதை முழுசாக மொழிபெயர்த்தாள், நடுவில் அவர் இருமியதையும் சேர்த்து.

ஏழு மாதம் கழித்து ஒரு பக்கத்தில் ஆணை வந்தது. தீ வைத்தவன் மெத்தைக்காரன் இல்லை என்று அதில் இருந்தது. அந்தத் தாளைத் தையல்காரி டீச்சரம்மாவிடம் ஒருமுறை, வேறு இரண்டு பேரிடம் தனித்தனியாக ஒருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். மூன்று பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள்.

ஆணை வந்ததும் குரல் நின்றுவிடும் என்று சிலர் எதிர்பார்த்தார்கள். நிற்கவில்லை, அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவும் இல்லை. உடைத்த சுவரைப் பூசி வெள்ளையடித்தார்கள். நாலாம் அறையின் தினசரிப் பட்டியலில் பத்து நாற்பது முதல் பத்து ஐம்பத்தொன்று வரை ஒரு கோடு போட்டு விட்டிருப்பார்கள். புதிதாக வரும் நீதிபதிகளுக்குக் கழிவறை எங்கே என்பதோடு இதையும் சொல்லிவிடுவார்கள். அந்த நேரத்தில் தட்டச்சுக்காரம்மா ஆப்பிள் நறுக்கிச் சாப்பிடுவாள். செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் அந்தக் கோடு பன்னிரண்டு மணிவரை நீளும். அன்று துணிக்கடைக்கு விடுமுறை. தையல்காரி முதல் வரிசையில் உட்கார்ந்து யாருடைய கால்சட்டையையோ மடியில் போட்டு ஓரம் தைத்துக்கொண்டிருப்பாள். வாக்கியம் முடியும். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்து, ஊசியில் வேறு நூல் கோத்து, முடிச்சுப் போட்டு, அப்புறம் உம் கொட்டுவாள். அதுவரை அவன் காத்திருப்பான்.