பதினான்கு சைஸ் கல்

எங்கள் ஆபீசிலிருந்து எந்திர மியூசியத்துக்கு ஒரு கடிதம் போய்ச் சேரப் பத்தொன்பது நாள் ஆகும். எந்திர மியூசியம் ஒன்றும் தூர தேசத்தில் இல்லை. எங்கள் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம்தான். என் மேஜையிலிருந்து எட்டிப் பார்த்தால் அவர்கள் முற்றத்தில் நிறுத்தியிருக்கும் பழைய ரயில் எஞ்சினின் புகைபோக்கி தெரியும். ஆனால் இரண்டும் வேறு வேறு இலாகா. அதனால் கடிதம் முதலில் செக்ரடேரியட்டுக்குப் போகும். அங்கே ஒரு மேஜையில் படுத்து எழுந்து, அடுத்த மேஜையில் மறுபடி படுத்து, பிறகு சாவகாசமாகச் சுவருக்கு அந்தப் பக்கம் வரும்.

நான் ஜூடித். மர்பி டவுனிலிருந்து தினம் பஸ் பிடித்து வந்து, கற்சிலைகளும் கல்வெட்டுகளும் நிறைந்த பழைய மியூசியத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். பொறுமை எனக்குக் கிடையாது. பத்தொன்பது நாளை நினைத்தால் டைப்ரைட்டர் சாவிகள் மேல் கோபம் இறங்கும்.

1964-ல் ஒரு திட்டம் வந்தது. எங்கள் மியூசியம், எந்திர மியூசியம், பின்னால் இருந்த சின்னப் படக்கூடம் மூன்றையும் சேர்த்து ஒரே தோட்டம், ஒரே சீட்டு, நடுவில் தாராளமான வழி. காகிதத்தில் அதற்குப் பெயர் 'கலாசார வட்டாரம்'. எங்கள் தோட்டத்தைக் கூட்டித் தண்ணீர் கொண்டுவந்து வைக்கும் பாஞ்சாலி அக்கா அதை 'ஒரே காம்பவுண்டு' என்பாள். எனக்கு அவள் வைத்த பெயர்தான் பிடித்தது.

பாஞ்சாலி அக்கா நீலசந்திராவிலிருந்து நடந்தே வருவாள். ஒன்பது வருஷமாகத் தினக்கூலி. திட்டத்தில் அவளுக்கு ஒரு வரம் இருந்தது. மூன்று இடத்து ஆட்களையும் ஒரே பட்டியலில் சேர்க்கும்போது, ஐந்து வருஷத்துக்கு மேல் கூலியில் இருப்பவர்களுக்கு வேலை நிரந்தரம். தினம் காலையில் என் ஜன்னலுக்கு வெளியே துடைப்பத்தை நிறுத்திவிட்டுக் கேட்பாள்.

"என்னா டைப்பம்மா, லிஸ்ட்டு போயிடிச்சா?"

"போவும் போவும். உன் பேரு இல்லாம போவுமா?"

எங்கள் பக்கத்துக் குழாயில் காற்றுதான் வரும். நல்ல குழாய் எந்திர மியூசியத்தில். சாலையைச் சுற்றி, அவர்கள் கேட் வழியாகக் குடத்தோடு போய் வர அரை மணி நேரம் பிடிக்கும். மூன்று வருஷத்துக்கு முன், தூங்குமூஞ்சி மரத்து வேர் சுவரைப் பிளந்த இடத்தில், ஆபீஸ் திறப்பதற்கு முன் தினம் ஒன்றிரண்டாகக் கல்லைப் பிடுங்கி, இடுப்பில் குடத்தோடு ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு வழி பண்ணிவிட்டாள் அவள். அப்புறம் அது எல்லோருக்கும் வழியாகிவிட்டது. அந்தப் பக்கத்து எஞ்சின்களைத் துடைக்கும் சிரில் எங்கள் மர நிழலுக்குச் சாப்பிட வருவார். நாங்கள் அவர்கள் குழாயில் கை கழுவுவோம். எங்கள் சூப்பரின்டெண்டென்ட் சுந்தரராமன் சாருக்கு மட்டும் தெரியாது. அவர் அறை சாலையைப் பார்த்தது.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்ததை நான்தான் கெடுத்தேன். செக்ரடேரியட்டிலிருந்து கேள்வித்தாள் ஒன்று வந்தது. இரண்டு இடங்களுக்கும் நடுவே தற்போது ஏதாவது வழி உண்டா என்று ஒரு கேள்வி. சார் பதில் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். இந்தக் கேள்விக்கு "இல்லை" என்றார். அன்றைக்குத்தான் முந்தைய கடிதத்துக்குப் பத்தொன்பதாவது நாள். எரிச்சல் தலைக்கேறி, அடிக்கும்போது அந்த "இல்லை"யை விட்டுவிட்டு, "மரத்தடியில் சுவரில் ஒரு வழி இருக்கிறது, ஊழியர்கள் தினமும் அதில்தான் போய் வருகிறார்கள்" என்று நானாகவே ஒரு வரி அடித்துவிட்டேன். சார் எப்போதும்போல் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

இதற்குப் பதில் வர மட்டும் நாலே நாள் ஆயிற்று. யாருடைய உத்தரவின் பேரில் அரசாங்கச் சுவர் உடைக்கப்பட்டது? உடைத்தவர் யார்? ஓவர்சியர் வந்து எண்ணியதில், ஒரே அளவாகச் செதுக்கிய சைஸ் கல் பதினான்கு காணவில்லை, அவை எங்கே? என்ஜினீயர் வெள்ளிக்கிழமை நேரில் வருவார். உடைத்தவரின் பெயர் நிரந்தரப் பட்டியலில் இருந்தால் அதுவரை நீக்கி வைக்கவும்.

சார் என்னைக் கூப்பிட்டார்.

"இந்த வரியை யாரு சேர்த்தது?"

"நான்தான் சார்."

"ஏன்?"

"உண்மைதானே சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "உண்மைதான் போலருக்கு. நான் இல்லைன்னு சொன்னேன், கையெழுத்தும் போட்டேன். அப்போ பதில் சொல்ல வேண்டியவன் நான். யாரு உடைச்சது, ஜூடித்?"

நான் வாயைத் திறக்கவில்லை. என்னை அறிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள்.

ஆனால் பாஞ்சாலி அக்காவிடம் சொல்லாமல் இருக்க முடியுமா? சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். அவள் டிபன் பாக்ஸை மெதுவாக மூடினாள்.

"ஒம்போது வருசமா யாரு கிட்டயும் வாயத் தொறந்து ஒரு வார்த்த கேக்கல. இப்பதான் ஒண்ணு கெடைக்கப் போச்சி. ஒரே வரியில முடிச்சிட்டியே."

"அக்கா, நான் வேணும்னு..."

"கல்ல நான் திருடி வித்துட்டேன்னு எழுதியிருக்கானா?"

"காணோம்னு எழுதியிருக்கு."

"ரெண்டும் ஒண்ணுதான்" என்று எழுந்து சுவருக்கு அந்தப் பக்கம் போய்ச் சிரில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த இரண்டு நாளும் ஜன்னலுக்கு வெளியே துடைப்பச் சத்தம்தான் கேட்டது, கேள்வி வரவில்லை. அழுகையாக வந்தது.

வெள்ளிக்கிழமை என்ஜினீயர் கோவிந்தப்பா வந்தார். கன்னடக்காரர், நறுக்காகப் பேசுகிறவர். கையில் சுருட்டிய வரைபடம். சார் பக்கத்தில் நின்றார், நான் நோட்டுப் புத்தகத்தோடு பின்னால். இரண்டு பக்கத்து ஆட்களும் கூடிவிட்டார்கள்.

"இது யாரு மாடித்து?" யார் செய்தது என்று உடைப்பைக் காட்டிக் கன்னடத்தில் கேட்டார்.

சிரில் முந்திக்கொண்டார். "மரம் சார். வேரு தள்ளி தானா விழுந்திச்சி."

"மரம் பதினாலு கல்லையும் தூக்கிட்டுப் போச்சா?" என்றார் என்ஜினீயர், தமிழிலேயே.

பாஞ்சாலி அக்கா துடைப்பத்தைக் கீழே போட்டாள். "நானே சுவாமி" என்றாள். "தண்ணிக்குத்தான். ஆனா ஒரு கல்லும் எங்கியும் போவல. உங்க காலுக்குக் கீழ பாருங்க."

பக்கத்திலிருந்த குடத்துத் தண்ணீரை அவர் காலடியில் அப்படியே கவிழ்த்தாள். துடைப்பத்தை எடுத்து வரட் வரட்டென்று தேய்த்தாள். எந்திர மியூசியத்துத் தரை எங்கள் தரையைவிடத் தாழ்ந்தது. அங்கே இறங்க நாலு படி இருந்தது. மூன்று வருஷமாக இறங்கினோம், ஏறினோம். சேறு கரைந்து ஓடியபோதுதான் சுவரில் இருக்கும் அதே உளி வெட்டு படியிலும் தெரிந்தது. படிக்கு மூன்று கல்.

என்ஜினீயர் எண்ணினார். "ஹன்னெரடு. பன்னெண்டுதான். இன்னும் ரெண்டு?"

பாஞ்சாலி அக்கா குழாயடிக்கு நடந்தாள். அங்கே வரிசையாக இருந்த குடங்களில் இரண்டை எடுத்து ஓரமாக வைத்தாள். அடியில் இரண்டு கல், ஒன்றன்மேல் ஒன்று.

"தரையில வெச்ச கொடத்த குனிஞ்சி தூக்கினா இடுப்பு போயிடுது. இந்த ஒசரம் இருந்தா அப்படியே இடுப்புக்கு வந்துடும்."

கோவிந்தப்பா டேப்பை எடுத்து ஒவ்வொரு படியையும் அளந்தார். இரண்டு தரைக்கும் நடுவே இரண்டடி எட்டங்குலம் பள்ளம். நாலு படியும் சரியாக எட்டெட்டு அங்குலம். பிறகு வரைபடத்தைப் பிரித்தார். அவர் போட்டிருந்த புது வழி அறுபது அடி தள்ளி, சமதரை என்று நினைத்து வரைந்தது. பள்ளத்தை யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. பென்சிலால் அந்தப் புது வழியைக் குறுக்கே அடித்தார்.

"இல்லே இரலி" என்றார். பிறகு எங்களுக்காக, "இங்கியே இருக்கட்டும்."

சுந்தரராமன் சார் படியருகே குந்தி உட்கார்ந்து, ஈரக் கல்லைத் தடவிப் பார்த்தார். "நம்ம மியூசியத்துக்கு ஒரு கல் வந்தா, எங்கேருந்து வந்தது, யார் கொண்டுவந்தான்னுதான் முதல் கேள்வி. இதை மட்டும் ஒருத்தரும் கேக்கலையே" என்றார். நானும் கேட்டதில்லை. வெட்கமாகத்தான் இருந்தது.

அன்று மாலையே செக்ரடேரியட்டுக்கான பதிலைச் சார் சொல்லச் சொல்ல நான் அடித்தேன்: கற்கள் பதினான்கும் இடத்திலேயே உள்ளன. உத்தரவு எவரும் தரவில்லை, தந்திருக்க வேண்டியது நான். வழியைத் திறந்தவர் பாஞ்சாலி. அவர் பெயரைப் பட்டியலில் முதலாவதாகச் சேர்க்கப் பரிந்துரைக்கிறேன். அடித்து முடித்து நீட்டினேன். சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தலைப்பிலிருந்து கடைசிப் புள்ளி வரை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பாஞ்சாலி அக்காவின் உத்தரவு வரப் பத்தொன்பது நாள் ஆயிற்று. இந்தத் தடவை ஒவ்வொரு நாளையும் நான் காலண்டரில் கிழித்தேன். உறையைப் பிரித்து அவளுக்குப் படித்துக் காட்டினேன். "இன்னொரு வாட்டி படி" என்றாள். படித்தேன். அப்புறம் தன் டிபன் பாக்ஸைத் திறந்து என் பக்கம் தள்ளினாள். உள்ளே கருவாட்டுக் குழம்பு. அவ்வளவு ருசியாக நான் எங்கேயும் சாப்பிட்டதில்லை.

திறப்பு விழாவுக்கு மந்திரி வந்தார். சுவரை அகலமாக எடுத்திருந்தார்கள், படிகளை மட்டும் அப்படியே விட்டிருந்தார்கள். சிமெண்ட் பூசியும் மூன்றாவது படியில் ஒரு கல் ஆடிக்கொண்டேயிருந்தது. புது நீலச் சேலையில் ஓரமாக நின்ற பாஞ்சாலி அக்கா, "அந்தக் கல்லு ஆடும், தாண்டி வெய்யிங்க" என்றாள். மந்திரி தாண்டினார். பின்னால் வந்த அத்தனை பெரிய மனிதர்களும் தாண்டினார்கள்.

மறுநாள் சார் எந்திர மியூசியத்துக்கு ஒரு கடிதம் கொடுத்தார். இனி செக்ரடேரியட் வேண்டாம், நேரே கொண்டுபோய்க் கொடு என்றார். படியில் பாஞ்சாலி அக்கா குடத்தோடு எதிரே வந்தாள்.

"என்னா எழுதியிருக்கு?"

"அவங்க குழாயிலேருந்து இழுத்து நம்ம பக்கமும் ஒரு நல்ல குழாய் போடணும்னு. இனிமே நீ இந்தப் பக்கம் வர வேணாம்."

அவள் குடத்தை இடுப்பில் மாற்றிக்கொண்டு யோசித்தாள்.

"கொழா போடட்டும், நல்லதுதான். ஆனா வழிக்கு வேல இல்லன்னு அத அடச்சிடப் போறானுங்க. அடைக்கக் கூடாதுன்னு நீயே ஒரு வரி சேத்துடு."

நான் அப்படியே திரும்பி மேஜைக்குப் போய் அந்த வரியைச் சேர்த்தேன். சார் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.