அறுபத்தொரு புத்தகங்கள் தொலைந்த கதை

1

இந்தக் கதை எனக்குப் பல் டாக்டரிடம் கிடைத்தது. 1996, கிழக்குத் தாம்பரம், மாடியில் ஒரு சின்ன கிளினிக். எனக்கு முந்தின டோக்கனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பெயர் சம்பத். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தும் பேச்சு நிற்கவில்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அனகாபுத்தூரில் தன்னிடம் வேலை பார்த்த ஓர் ஆசிரியையைப் பற்றிப் புகார் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நல்ல டீச்சர்தான் சார். ஆனா சொன்ன பேச்சு கேக்காது. அதனாலதான் அறுபத்தொரு புஸ்தகம் போச்சு."

அவர் சொன்ன கதையில் நியாயம் அவர் பக்கம் இருந்தது. நான் எழுதுகிற கதையில் அப்படி இருக்காது. முகம் தெரியாத அந்த ஆசிரியையின் பக்கம் நான் அந்த பெஞ்சிலேயே சாய்ந்துவிட்டேன். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டால்தான் மேற்கொண்டு எழுத வரும் போலிருக்கிறது. பெயரைக்கூட சம்பத் சொல்லவில்லை, 'அந்தம்மா' என்பதோடு சரி. அருள்மேரி என்பது நான் வைத்த பெயர். அப்போது அவளுக்கு இருபத்துநான்கு வயது என்பதால் 'அவள்' என்றே எழுதுகிறேன்.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

1985 நவம்பரில் அடையாறு தன் கரைகளை

நிறுத்திவிட்டேன். ஆற்றில் தொடங்கினால் கதையை ஆறு எடுத்துக்கொண்டு போய்விடும். எனக்கு வேண்டியது ஓர் இரும்பு பீரோ.

அடுத்தது: அருள்மேரிக்குப் புத்தகம் என்றால் உயிர்.

இது பொய். அவளுக்கு உயிரானவை ரயிலில் ஜன்னலோர இடமும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கமும்தான். பள்ளியில் கடைசியாகச் சேர்ந்தவள் என்பதால் நூலகப் பொறுப்பு அவள் தலையில் விழுந்தது. மற்ற யாருக்கும் அது வேண்டியிருக்கவில்லை.

மூன்றாவது ஆரம்பம் தேறியது. அது இதோ.

அருள்மேரி தினமும் மேற்குத் தாம்பரத்திலிருந்து ரயிலில் பல்லாவரம் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து அனகாபுத்தூர் வருவாள். ஆற்றங்கரைத் தெருக்களின் பிள்ளைகள் படிக்கும் தொடக்கப் பள்ளி அது. நூலகம் என்பது தலைமையாசிரியர் அறையில் இருந்த ஒரு பீரோ. வெள்ளிக்கிழமை பிற்பகல் நூலக வகுப்பு. சம்பத் பீரோவைத் திறப்பார். பிள்ளைகள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசையாக வந்து புத்தகங்களின் முதுகுகளைப் பார்ப்பார்கள். "பாத்தாச்சா? கௌம்புங்க" என்று சொல்லிப் பூட்டுவார். அன்றைய நூலக வகுப்பு முடிந்தது.

ஜூன் மாதம் சாவியை அவளிடம் கொடுத்தபோது ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "இருநூத்திப் பன்னெண்டு இருக்கு. ஒண்ணு கொறைஞ்சாலும் நீங்கதான் பொறுப்பு."

இரண்டு வெள்ளிக்கிழமைகள் அவளும் அவரைப் போலவே செய்தாள். சரக்கு வராத ரேஷன் கடை வாசலில் நிற்பவர்களைப் போலப் பிள்ளைகள் நின்றது அவளுக்கு வெட்கமாக இருந்தது. மூன்றாவது வெள்ளிக்கிழமை வராந்தாவில் பாயை விரித்துப் புத்தகங்களைக் கொட்டினாள்.

(இந்த இடத்தில் பிள்ளைகளின் கண்கள் மலர்ந்தன என்று ஒரு வரி இருந்தது. எடுத்துவிட்டேன். நிஜத்தில் முதல் அரைமணி நேரம் சண்டைதான் நடந்திருக்கும்.)

அடுத்த திங்கட்கிழமை முதல் வராந்தாக் கரும்பலகையில் 'நூலகச் செய்தி' வரத் தொடங்கியது. எழுதுபவள் ஐந்தாம் வகுப்பு தனம். யார் எதைப் படித்தார்கள், படித்ததால் என்ன ஆயிற்று என்பதைப் பிள்ளைகள் சொல்லச் சொல்ல அவள் எழுதுவாள். சம்பத்துக்குச் சில செய்திகள் அப்படியே நினைவிருந்தன. சிரிக்காமல்தான் சொன்னார்:

'நான்காம் வகுப்பு தாவீது கடல் புத்தகம் படித்தான். திமிங்கிலம் மீன் இல்லை. மீன் விற்கும் அவன் அம்மா இதை ஒப்புக்கொள்ளவில்லை.'

'மூன்றாம் வகுப்பு குப்புராஜ் ஒரு புத்தகத்தை இரண்டு முறை படித்தான். இரண்டாவது முறையும் புலி தப்பித்துவிட்டது.'

3

நவம்பரில் சம்பத் மகளின் கல்யாணப் பேச்சுக்காகக் காஞ்சிபுரம் போனார். மூன்று நாள். விடுப்புக் கடிதம் எதுவும் எழுதவில்லை. "அது வேற விஷயம்" என்று என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். அது வேறு விஷயம் இல்லை என்பது கொஞ்சத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும்.

அவர் இல்லாத முதல் நாளே அருள்மேரி பீரோவிலிருந்த புத்தகங்களையெல்லாம் வெளியே எடுத்தாள். 'பத்து நாள் வாசிப்பு' என்று அதற்கு ஒரு பெயரும் வைத்தாள். பெரிய வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கு ஒன்று, சிலர் இரண்டு, புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். வீட்டில் யாருக்காவது வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். கேட்டவர் என்ன சொன்னார் என்பதைச் செய்தியாகக் கொண்டுவர வேண்டும். இருநூற்றுப் பன்னிரண்டும் பைகளில் ஏறிப் போயின.

மறுநாள் மழை பிடித்தது.

(அவளுக்கு ஏதோ உள்ளுணர்வு சொல்லியிருக்கும் என்று எழுதச் சொன்னார் நண்பர் ஒருவர். மாட்டேன். வானத்தைக்கூட அவள் பார்க்கவில்லை. தற்செயலாக நடந்ததை அவளுடைய புத்திசாலித்தனமாக மாற்றினால் சம்பத்துக்கு நான் செய்யும் அநியாயம் இரண்டாகிவிடும்.)

இரண்டு நாள் விடாமல் பெய்தது. ஆறு தெருக்களுக்குள் வந்தது. பள்ளிக்குள் மார்பளவு தண்ணீர். ஆற்றங்கரைக் குடும்பங்களைப் படகில் ஏற்றிப் பம்மல் மேட்டில் இருந்த கல்யாண மண்டபத்தில் தங்கவைத்தார்கள். தண்ணீர் வடிந்து பள்ளி திறக்கப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. பீரோ மல்லாந்து கிடந்தது. உள்ளே இருந்த பழைய பதிவேடுகள் கூழாகியிருந்தன.

பிள்ளைகள் வந்தார்கள். புத்தகங்களும் வந்தன. ஒன்று அரிசி டிரம்முக்குள் இருந்து வந்தது. இன்னொன்றைப் பரணில், சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார்களாம். தாவீது கடல் புத்தகத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டே படகில் ஏறியிருந்தான். அட்டையில் அவன் வேர்வை படிந்திருந்தது. அருள்மேரி பாயில் அடுக்கி எண்ணினாள். நூற்று ஐம்பத்தொன்று.

தனம் மட்டும் வரவில்லை. கரும்பலகை வெறுமையாக இருந்தது.

4

சம்பத் வந்து பார்த்தார். நனைந்த புத்தகங்கள் வராந்தாவில் பக்கம் பிரித்துக் காய்ந்துகொண்டிருந்தன.

"அறுபத்தொண்ணு போச்சு" என்றார்.

"நூத்தி அம்பத்தொண்ணு பொழைச்சிடுச்சு சார். பீரோல இருந்திருந்தா எல்லாமே போயிருக்கும்."

"அதான் டீச்சர் உங்களுக்குப் புரியல. பீரோக்குள்ள இருந்து போனா அது வெள்ளச் சேதம். கவர்மென்ட்டே ஒத்துக்கும். நீங்க வெளிய குடுத்து ஒண்ணு போனாலும் அது உங்க கவனக்குறைவு. வேலைல நிரந்தரம் ஆவறதுக்கு இன்னும் எத்தன மாசம் இருக்கு?"

"எட்டு சார்."

"திங்கக்கெழம கல்வி அதிகாரி சேதம் பாக்க வர்றாரு. நான் சொல்ற மாதிரி எழுதிக் குடுத்துடுங்க. எல்லாமே பீரோல இருந்துச்சு, இருநூத்திப் பன்னெண்டும் வெள்ளத்துல போச்சு. ஒருத்தருக்கும் தலைவலி இல்ல."

"அப்ப திரும்பி வந்த புஸ்தகம்?"

"அது வரல."

"வாசல்ல காயுது சார்."

"அதத்தான் சொல்றேன். காயக் கூடாது."

அவர் மோசமான மனிதர் இல்லை. தன் பெயரும் அதில் மாட்டிக்கொள்ளும் என்ற பயம் இருந்தது. பீரோ திறந்த நாளில் தலைமையாசிரியர் எங்கே என்று ஒரு கேள்வி வந்தால் அவரிடம் பதில் இல்லை. ஆனால் அவளைக் காப்பாற்றவும்தான் அவர் அந்த வழியைச் சொன்னார். சொல்லும்போது குரலில் அதட்டல் இல்லை.

(என் முதல் பிரதியில் அருள்மேரி நிமிர்ந்து நின்று "முடியாது சார்" என்றாள். படிக்க நன்றாகத்தான் இருந்தது. இரண்டு நாள் கழித்து எனக்கே அவள்மேல் சந்தேகம் வந்துவிட்டது. இருபத்துநான்கு வயது, அவள் வேலையை நம்பி வீட்டில் மூன்று பேர். அப்படிச் சொல்லியிருப்பாளா? அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன்.)

அருள்மேரி "சரி சார்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும், சாப்பிடாமல், அந்தக் கடிதத்தை எழுதினாள். 'மேற்படி புத்தகங்கள் இருநூற்றுப் பன்னிரண்டும் பீரோவில் இருந்த நிலையில்' என்று நல்ல கையெழுத்தில் தொடங்கி, ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல் முடித்தாள். கைப்பையில் வைத்தாள். அன்று மத்தியானம் அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

5

திங்கட்கிழமை காலை மணி அடிப்பதற்கு முன்பே தனத்தின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எல்லம்மா வந்து நின்றாள். தனத்தின் அம்மா, தோல் கம்பெனியில் வேலை. இடுப்பில் கைக்குழந்தை.

"டீச்சரம்மா, இவ ஸ்கூலுக்கு வர மாட்டேங்கிறா. புஸ்தகம் ஆத்துல போயிடிச்சின்னு சொல்லுடின்னு பக்கத்து வூட்டுக்காரங்க சொல்லிக் குடுத்தாங்க. எனக்குப் பொய் சொல்ல வராது. ஆத்துல போவல. நான்தான் அடுப்புல போட்டேன்."

எல்லம்மா குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"மண்டபத்துல ஒரு சுள்ளி காஞ்சது கெடையாது. இவன் பாலுக்குக் கத்திக்கினே கீறான். இன்னா பண்றது? இவ பையில இருந்த புஸ்தகம் ஒண்ணுதான் ஈரம் படாம இருந்திச்சி. இவ குடுக்கல. இரு, படிச்சிட்டுத் தரேன்னா. ஒவ்வொரு பக்கமா சத்தம் போட்டுப் படிப்பா, கிழிச்சிக் குடுப்பா. நான் அடுப்புல போடுவேன். ஒரு ஆடு கப்பல் ஏறிப் போற கதை டீச்சரம்மா. சுத்தி இருந்தவங்கெல்லாம் கேட்டாங்க."

"முழுசாவா?"

"கடைசி ரெண்டு பக்கம் படிக்கல. பால் பொங்கிடிச்சி."

(இதை நான் புனையவில்லை, சம்பத் சொன்னதுதான். நானாக யோசித்திருந்தால் ரொம்ப அழகாக இருக்கிறதே என்று வெட்டியிருப்பேன். படிக்கப்படாத அந்த இரண்டு பக்கத்தையும் இந்தக் கதையின் முடிவையும் ஒன்றாக முடிச்சுப் போடச் சொல்லிக் கை அரிக்கிறது. போட மாட்டேன்.)

தனம் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "டீச்சர், எம் பேரு எழுதிக் குடுத்துடுவீங்களா?"

அருள்மேரி கைப்பையைத் திறந்தாள். கடிதத்தை எடுத்து நான்காக மடித்தாள், எட்டாக மடித்தாள், அதற்குமேல் மடிக்க வராமல் கைக்குள் வைத்து இறுக்கினாள். எல்லம்மா சொன்னது அவளுக்கு இலகுவாக இருந்ததா, பாரமாக இருந்ததா என்று நான் நெடுநேரம் யோசித்தேன். பசித்தது என்றுதான் நினைக்கிறேன். முந்தின நாளிலிருந்து அவள் ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கவில்லை. திடீரென்று நன்றாகப் பசித்தது.

"பேரு நீயே எழுது" என்று சாக்பீஸைத் தனத்திடம் கொடுத்தாள். "புஸ்தகம் வராதவங்கல்லாம் இங்க வாங்க. உங்க புஸ்தகம் எப்படிப் போச்சுன்னு தனத்துகிட்ட சொல்லுங்க. உள்ளது உள்ளபடி."

தனம் கரும்பலகை முழுக்க எழுதினாள். இடம் போதாமல் வகுப்பறைக் கரும்பலகை ஒன்றையும் தூக்கிவந்து சாய்த்தார்கள்.

'குப்புராஜின் புத்தகம் கூரையோடு போய்விட்டது. கூரையும் கிடைக்கவில்லை.'

'செல்லம்மா புத்தகத்தைத் தாத்தாவிடம் கொடுத்திருந்தாள். தாத்தாவை மட்டும் தூக்கி வந்தார்கள்.'

'தனத்தின் புத்தகத்தை அடுப்பில் எரித்தோம். முப்பது பக்கம் படித்துவிட்டு எரித்தோம்.'

சம்பத் அறையிலிருந்து வெளியே வந்து பார்த்தார். டஸ்டர் அவர் கைக்கெட்டும் தூரத்தில், ஜன்னல் விளிம்பில் இருந்தது. அவள் அவரிடம் கடிதத்தைக் கொடுக்கவில்லை. "மன்னிச்சிடுங்க சார்" என்று மட்டும் சொன்னாள். அவர் பதில் சொல்வதற்குள் தெருமுனையில் ஜீப் சத்தம் கேட்டது.

6

முடிவுக்கு வந்துவிட்டோம். என்னிடம் இரண்டு இருந்தன.

ஒன்றில், அதிகாரி கரும்பலகையைப் படித்துக் கண் கலங்கி அருள்மேரிக்கு விருது வாங்கித் தருகிறார். அப்படி ஓர் அதிகாரியை நான் பார்த்ததில்லை.

இன்னொன்றில், அவளைப் பள்ளிக்கரணைப் பக்கம் தூக்கியடிக்கிறார்கள். அவள் சதுப்புநிலத்தைப் பார்த்தபடி பஸ்ஸுக்காக நிற்பதாக எழுதியபோது எனக்கே அலுத்துவிட்டது.

எனக்கு உறுதியாகத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். அருள்மேரிக்கு வேலை போகவில்லை. எட்டு மாதத்தில் நிரந்தரமானாள். கல்யாணமாகி மாற்றல் வாங்கிப் போகும்வரை, இன்னும் ஆறு வருஷம், அதே பள்ளியில் இருந்தாள். அடுத்த வெள்ளிக்கிழமையே நூற்று ஐம்பத்தொரு புத்தகங்களும் மறுபடி வீடுகளுக்குப் போயின. பீரோவில் அதற்குப் பிறகு சத்துணவுத் தட்டுகளை வைத்தார்கள்.

தெரியாதது ஒன்றே ஒன்று. அதிகாரி இரண்டு பலகைகளையும் மேலிருந்து கீழே படித்தார், ஓரிடத்தில் மட்டும் திரும்பப் படித்தார், பிறகு சம்பத்திடம் ஒரு கேள்வி கேட்டார். அதற்கு என்ன சொன்னீர்கள் என்று நான் கேட்டேன். வீங்கிய கன்னத்தைக் கையில் தாங்கிக்கொண்டு, "அத மட்டும் கேக்காதீங்க சார்" என்றார். அதற்குள் அவருடைய டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நானே ஒரு வரி எழுதிப் பார்த்தேன். அவர் பக்கம் சாயாதவன் எழுதிய வரி என்பது பளிச்சென்று தெரிந்தது. ஆகவே அந்த ஒரு வரி உங்களுக்கு. பேச்சுத் தமிழிலேயே எழுதுங்கள், சுருக்கமாக. அவர் பயந்தவர், ஆனால் அந்தச் செய்திகளைப் பதினோரு வருஷம் மனப்பாடமாக வைத்திருந்தவர்.

அதிகாரி பேனா மூடியைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "பீரோ இருக்கும்போது, வூட்டுக்குக் குடுக்கச் சொன்னது யாருங்க?"

அருள்மேரி ஓர் அடி முன்னால் வந்தாள். சம்பத் கையை நீட்டி அவளைத் தடுத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு அதிகாரியிடம் சொன்னார்: