திக்குகிற இடம்

டிவியில் பிரியாணி பரிமாறுகிறவன் கரண்டியைத் தூக்கினான். தூக்கியபடியே நின்றான். சத்தம் மட்டும் முன்னால் போயிற்று. பிறகு படம் ஒரு குதி குதித்தது. சோறு தட்டில் விழுந்து கிடந்தது. கமருதீன் லேப்டாப்பின் ஓரத்தில் லேசாகத் தட்டினார். போடியில் நாற்பது வருடம் ஏலக்காய் வியாபாரம் பார்த்தவர். நின்றுபோன தராசைத் தட்டினால் ஓடும் என்று கண்டவர். இது ஓடவில்லை.

மூன்று நாளாக இதே பாடு. ஒயர் இல்லாமல் டிவிக்கு அனுப்பிப் பார்த்தார். பீரோ மேலிருந்த வைஃபை பெட்டியைக் கொண்டுவந்து டிவி பக்கத்தில் வைத்தார். வீட்டிலுள்ள மற்ற போன்களையெல்லாம் அணைக்கச் சொன்னார். இருந்ததே இரண்டு போன், அதில் ஒன்று அவருடையது. படம் எதற்கும் மசியவில்லை.

மகள் யாஸ்மின் போன மழைக்காலத்தில் போடிமெட்டு வளைவில் ஜீப்போடு பள்ளத்தில் விழுந்து போய்விட்டாள். அவளுடைய போனும் அவளோடு நொறுங்கிப் போயிற்று. வீட்டில் மிச்சம் இருந்தது ஆதார் அட்டையில் ஒரு முகம். அது யாஸ்மின் மாதிரியே இல்லை. மனைவி அக்தர் பானு அவரிடம் வாய்விட்டு எதையும் கேட்கிறவள் அல்ல. இப்போது கேட்டாள். கல்யாண வீடியோவில் மகள் நடந்து வருவதை ஒரு தரம் பார்க்க வேண்டும். கண்ணில் புரை விழுந்திருந்ததால் லேப்டாப்பில் அவளுக்குப் பிடிபடாது, பெரிய டிவியில்தான் தெரியும். கல்யாணமாகி நாலு வருடமாகியும் அந்த வீடியோவை அதுவரை யாரும் போட்டுப் பார்க்கவில்லை. மகள் கம்பத்தில் புகுந்த வீட்டில் இருந்தாள், மாதம் இருமுறை வந்து போனாள். நேரில் வருகிறவளை டிவியில் எதற்குப் பார்க்க?

நாலாம் நாள் பாண்டித்துரையை வரச் சொன்னார். கல்யாணத்துக்கு வீடியோ எடுத்தவன், பக்கத்துச் சிலமலை ஊர்க்காரன். இப்போது பஸ் நிலையத்துப் பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான்.

"டிஸ்க்குலருந்து நேரா ஓட்டுனா இப்படித்தான் முக்கும் பாய். லேப்டாப்புக்குள்ள எறக்கிட்டு, ஒயர்ல குடுப்போம்."

இறங்க அரைமணி நேரம் ஆயிற்று. அக்தர் பானு டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு டிவிக்கு மிக அருகில் தரையில் உட்கார்ந்தாள். படம் ஓடியது. சோறு விழுந்தது, கைகள் துவாவுக்கு உயர்ந்தன, மாப்பிள்ளை மாலைக்குள் மூச்சு முட்டிச் சிரித்தார். ஓர் இடத்திலும் தடங்கல் இல்லை. கமருதீனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"பாத்தியா பானு, பாத்தியா."

மகளை அனுப்புகிற இடம் வந்தது. வாசலில் கார். பக்கத்தில் கமருதீன், நாலு வருட இளமையோடு. உள்ளேயிருந்து பெண்கள் பேசிக்கொண்டு வரும் சத்தம். நிலைப்படியில் ஒரு சேலையின் ஓரம் தெரிந்தது. படம் குதித்தது. காரின் கதவு சாத்தியிருந்தது.

"இங்க மட்டும் இன்னும் திக்குதே தம்பி. வேற ஒயர் இருந்தா கொண்டா."

பாண்டித்துரை ஒயரைத் தொடவில்லை. பின்னால் ஓட்டி மறுபடி போட்டான். அதே சேலை, அதே குதி.

"ஒயர்ல ஒண்ணுமில்ல பாய்," என்றான், அக்தர் பானுவைப் பார்க்காமல். "அது நீங்க வெட்டச் சொன்ன எடம்."

கமருதீனுக்கு அது மறந்தே போயிருந்தது. தப்பு என்று தோன்றாத காரியம் எப்படி நினைவில் நிற்கும்? அந்நிய ஆண்கள் பார்க்கிற படத்தில் வீட்டுப் பெண்கள் இருக்கக்கூடாது என்று, பாண்டித்துரையின் அறையில் இரண்டு நாள் கூடவே உட்கார்ந்திருந்தார். மூட்டையைத் துணியில் கொட்டி வெடித்த காயைப் பொறுக்குகிற அதே கண். இங்கே வெட்டு, அங்கே வெட்டு. ஒன்று தப்பவில்லை. முடிந்தபோது, சுத்தமான சரக்கு என்று சொல்லி அவன் தோளில் தட்டிக்கொடுத்தார்.

"வெட்டுனத வச்சிருப்பேல்ல?"

"அன்னிக்கு எங்கிட்ட இருந்தது ஒரே ஹார்ட் டிஸ்க்கு பாய். அதையே அழிச்சு அழிச்சுத்தான் அடுத்த கல்யாணம் எடுத்தேன்."

கமருதீன் மனைவியின் பக்கம் திரும்பவில்லை. அவள் கத்தியிருந்தால் தேவலை. நாலு வார்த்தை திட்டியிருந்தாலும் தாங்கிக்கொண்டிருப்பார். அவள் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பாண்டித்துரையிடம்தான் கேட்டாள்.

"நிக்காஹ் புத்தகத்துல பொண்ணுகிட்ட கையெழுத்து வாங்குனாங்களே. அது இருக்கா தம்பி?"

இருந்தது. திரைச்சீலைக்கு முன்னால் பெரியவர்கள் புத்தகத்தை நீட்டுகிறார்கள். திரைக்குப் பின்னாலிருந்து மருதாணி வைத்த ஒரு கை வருகிறது. முகம் இல்லை என்பதால் கமருதீன் விட்டுவைத்த இடம். கை பேனாவை வாங்குகிறது, எழுதப் பார்க்கிறது. மை இறங்கவில்லை. பேனாவை இரண்டு தரம் உதறுகிறது, கையெழுத்துப் போடுகிறது, திரைக்குள் போய்விடுகிறது.

"எழுதலன்னா இப்பிடித்தான் ஒதறுவா," என்றாள் அக்தர் பானு.

பாண்டித்துரை எந்தப் பொத்தானை அழுத்துவதென்று கமருதீனுக்குக் காட்டிக்கொடுத்துவிட்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போய்விட்டான். டீ ஆடை கட்டிக் கிடந்தது.

"இன்னொருக்கா போடுங்க," என்றாள்.

போட்டார்.

"இன்னொருக்கா."

மங்கிய கண்ணோடு அவள் இன்னும் கிட்டே நகர்ந்து, திரைச்சீலை வருகிற இடத்தில் டிவிக் கண்ணாடியின் மேல் விரல்களை வைத்துக்கொண்டாள். கமருதீன் பொத்தானை அழுத்தினார். கை வந்தது, பேனாவை உதறியது, உள்ளே போனது. திரைச்சீலை கொஞ்ச நேரம் ஆடிவிட்டு நின்றது. படம் எங்கேயும் திக்கவில்லை.