கோட்டம் எடுத்த சக்கரங்கள்

எழுதிப் பழகாத கை இது. ஒரு சாவு வீட்டின் வாசலில் நின்றுகொண்டு மோட்டார்சைக்கிளைப் பற்றிப் பேசுவது முறைதானா என்ற தயக்கம் முதல் வரியிலேயே வந்துவிட்டது. பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும். சரஸ்வதி அம்மாளைப் பற்றிச் சொல்ல வந்தால், சக்கரத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க வழி தெரியவில்லை.

"விடுங்கப்பா. இன்னும் மோசமாவுது."

தர்ஷினி தந்தையின் கையிலிருந்த நிப்பிள் சாவியை வாங்கப் பார்த்தாள். வெள்ளைச்சாமி விடவில்லை. சுடுகாட்டுத் தள்ளுவண்டியைத் தெருவில் கவிழ்த்துப் போட்டு, அதன் இடது சக்கரத்தின் ஆரக்கம்பிகளை ஒவ்வொன்றாக முறுக்கிக்கொண்டிருந்தார். ஒரே பக்கமாக முறுக்கியதில், முன்பு லேசாக நெளிந்திருந்த சக்கரம் இப்போது எண்ணெயில் போட்ட அப்பளம்போல் வளைந்திருந்தது.

"சரசு இருந்தா என்னைச் செருப்பால அடிப்பா" என்றார் அவர். சொன்ன பிறகுதான், உள்ளே கண்ணாடிப் பெட்டிக்குள் மனைவி படுத்திருப்பது நினைவுக்கு வந்தவர்போல் வாயை மூடிக்கொண்டார்.

சரஸ்வதி அம்மாள் முந்தின நாள் காலை, அடுப்பில் பால் பொங்குவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. ஓசூரில் அவர்கள் குடியிருந்த அந்தத் தெருவுக்கு அமரர் ஊர்தி வர முடியாது. சாக்கடைக் குழாய் பதிப்பதற்காகச் சுடுகாடு வரைக்கும் தோண்டிப் போட்டிருந்தார்கள். இருப்பது இந்தத் தள்ளுவண்டி ஒன்றுதான். இரண்டு பழைய மோட்டார்சைக்கிள் முன்சக்கரங்களை மாட்டி, மேலே தகரப் பந்தல் வைத்தது. அதைப் பராமரிப்பவர் தெருச் சங்கத்துக் கோவிந்தப்பன்.

"போன மாசம் பள்ளத்துல உட்டுட்டாங்கம்மா. அப்பலேர்ந்து ரெண்டு வீலும் ஆடிக்கினே போவுது" என்றார் அவர், குற்றம் தன்னுடையதுபோலத் தலையைச் சொறிந்தபடி. "அக்கா அப்பவே சொன்னாங்க. 'கொண்டாய்யா, நான் கோட்டம் எடுத்துத் தர்றேன்'னாங்க. பொணம் போற வண்டிய எப்படிங்க வீட்டு வாசலுக்கு இட்டாறது? வேணாங்க்கான்னுட்டேன்."

தர்ஷினிக்கு அது நினைவிருந்தது. போன மாதம் அந்த வண்டி இவர்கள் வாசலைக் கடந்தபோது, படுத்திருந்தவரின் தலை இப்படியும் அப்படியும் அசைந்துகொண்டே போனது. அம்மா வாசலில் நின்று கும்பிட்டுவிட்டு உள்ளே வந்து, "போறப்பகூட ஒரு மனுசன நிம்மதியாப் போக விடமாட்டேங்குறானுக" என்றார். அன்று முழுவதும் அதையேதான் பேசிக்கொண்டிருந்தார்.

சக்கரத்தின் நெளிவை நீக்குவதற்குத்தான் கோட்டம் எடுப்பது என்று பெயர். சரஸ்வதி அம்மாள் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து திருமணமாகி வந்த புதிதில், இங்கே ஒரு தொழிற்சாலையில் சக்கரம் கோக்கும் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தவர். கணவருக்கு அங்கேயே டூல் ரூமில் வேலை. தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்துக் கொட்டகையில், கோழிகள் அடைந்துகொண்டிருந்த பழைய வெளிநாட்டு மண்பந்தய மோட்டார்சைக்கிள் ஒன்றை வெள்ளைச்சாமி வாங்கி வந்த நாளில், அந்த வீட்டின் வாழ்க்கை வேறு திசையில் திரும்பியது. சிலிண்டரைக் கடைந்து புதுப் பிஸ்டன் போட்டது, முன் ஃபோர்க்குக்குப் புதிய ஸ்பிரிங், பின்னால் கேஸ் ஷாக், இவையெல்லாம் அவர் வேலை. சக்கரங்கள் அம்மாவுடையவை. ஓட்டுவது மகள்.

அம்மா ஆரக்கம்பிகளைக் கோத்து முடித்ததும், ரிம்முக்கு அருகில் ஒரு சாக்குக்கட்டியைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றுவார். சாக்கு எங்கே உரசுகிறதோ அங்கே கோட்டம். அதை எடுத்துவிட்டுக் கடைசியில் ஒரு ஸ்பேனரால் கம்பிகளைத் தட்டிக்கொண்டே வருவார். எல்லாம் ஒரே குரலில் ஒலிக்க வேண்டும். ஒன்று மந்தமாக ஒலித்தால், "இவன் தூங்குறான்" என்பார். பந்தயத் திடலில் யாராவது வந்து, "வீல் யாரு சார் கட்டுனது?" என்று கேட்டுவிட்டால் வெள்ளைச்சாமிக்குத் தாங்காது. "என் சம்சாரம்" என்று நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி சொல்வார். அம்மாவிடம் கோட்டம் எடுப்பதற்காகப் பெங்களூரிலிருந்து பேருந்தின் கூரையில் சக்கரங்கள் வந்து இறங்கத் தொடங்கியது அப்படித்தான்.

இறுதிச் சடங்குக்கு மறுநாள் ஞாயிறு. உத்தனப்பள்ளிக்கு அருகே பழைய வண்டிகளுக்கான பந்தயம். அதற்காக அம்மா இரண்டு முன்சக்கரங்கள் கட்டியிருந்தார். ஒன்று வண்டியில் இருந்தது. கல்லில் மோதி ரிம் அடிபட்டால் மாற்றுவதற்கு இன்னொன்று வீட்டுக் கொட்டகை ஆணியில் தொங்கியது. "துக்கமா இருந்தாலும் நீ ஓட்டணும் பாப்பா. அவ ஆசைப்பட்டது" என்று அன்று காலையில்கூட வெள்ளைச்சாமி சொல்லியிருந்தார்.

"மாப்ள, என்ன இன்னும் வண்டியக் கவுத்துப் போட்டுக்கிட்டு?" என்று வந்தார் பொன்னுசாமி. அம்மாவின் அண்ணன். பிறந்த வீட்டுக் கோடிச் சேலையோடு விடிய விடியப் பயணம் செய்து வந்திருந்தார். "எமகண்டம் பொறக்குறதுக்குள்ள எடுக்கணும். ஆடுனா ஆடிட்டுப் போகுது, நாலு பேரு பிடிச்சுக்கிட்டாப் போச்சு. பாவம், எந்தங்கச்சி உங்களுக்குச் சோறாக்கிப் போட்டே ஓய்ஞ்சு போனா. இனியாவது காலாகாலத்துல அனுப்புங்க."

அந்தப் பேச்சில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் 'சோறாக்கிப் போட்டே' என்ற சொல் தர்ஷினியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அவள் கொட்டகைக்குள் போனாள். ஆணியில் தொங்கிய சக்கரத்தை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். பிறகு பந்தய வண்டிக்கு முன்னால் உட்கார்ந்து, அச்சின் நட்டைத் தளர்த்தத் தொடங்கினாள்.

வெள்ளைச்சாமி ஓடி வந்தார். "என்ன பாப்பா பண்ற?"

"ரெண்டையும் அந்த வண்டிக்குப் போடப் போறேன்."

"பேடா கண்ணு, பேடா" என்று கன்னடத்தில் தடுத்தபடி பின்னாலேயே வந்து கையைப் பிடித்தார் பக்கத்து வீட்டு நஞ்சம்மா. "நல்ல வண்டிச் சாமான அதுக்குப் போய்ப் போடுவாங்களா?"

பொன்னுசாமி கொட்டகை வாசலிலேயே நின்றுவிட்டார். "தாயி, சுடுகாடு போன சாமான் திரும்ப வீட்டு வாசப்படி ஏறக் கூடாது. தெரிஞ்சுதான் கழட்டுறியா?"

"தெரியும் மாமா."

"நாளைக்கு ரேஸு" என்றார் வெள்ளைச்சாமி. "வேற முன்வீல் இல்ல பாப்பா. அவ கடைசியாக் கட்டுனது இது ரெண்டுதான். உனக்குன்னு கட்டுனா."

தர்ஷினி நட்டைக் கழற்றி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். "நாளைக்கு நான் ஓட்டுறத அம்மா பாக்க மாட்டாங்கப்பா. இன்னைக்கு அம்மாதான் போறாங்க. அவங்க தலை ஆடிக்கிட்டே போகணுமா?"

வெள்ளைச்சாமி அந்தச் சக்கரத்தைப் பார்த்தார். பிறகு ஃபோர்க்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். சக்கரம் கழன்று மகளின் மடியில் சாய்ந்தது.

தள்ளுவண்டியின் அச்சு சற்று மெலிதாக இருந்தது. வெள்ளைச்சாமி பெட்டியைக் கிளறி, இடைவெளியை அடைக்கும் புஷ் இரண்டு ஜோடி தேடி எடுத்து வந்தார். சக்கரம் பெரியது என்பதால் மட்கார்டுகளைக் கழற்ற வேண்டியிருந்தது. அப்பாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் கேட்காமலேயே மற்றவர் சாமானை நீட்டி, பந்தயத் திடலில் செய்வதுபோலவே செய்து முடித்தார்கள்.

"அடேங்கப்பா, டயரப் பாரு! எமன் வண்டி ரேஸுக்குப் போவுதுடா" என்றார் மேளக்காரர்களில் ஒருவர். யாரோ சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார்கள். வெள்ளைச்சாமியும் சிரித்தார். "போவும்யா. அதுக்குக் கட்டுனதுதான."

தர்ஷினி சக்கரத்தைச் சுற்றிவிட்டுச் சாக்குக்கட்டியை அருகில் பிடித்தாள். எங்கும் உரசவில்லை. பிறகு ஸ்பேனரை எடுத்து, அம்மா செய்வதுபோல் கம்பிகளைத் தட்டிக்கொண்டே வந்தாள். மேளம் நின்றிருந்தது. வாசலில் இருந்தவர்களின் பேச்சும் நின்றது. ஒவ்வொரு கம்பியும் ஒரே குரலில் ஒலித்தது. எதுவும் தூங்கவில்லை.

"ம்" என்றார் பொன்னுசாமி.

தெருவில் தண்ணீர்க் குழாய் இல்லாததால், உடலைக் குளிப்பாட்டும் நீர்மாலைச் சடங்குக்கான தண்ணீரைத் தெருமுக்கிலிருந்த, வண்டி கழுவும் வாட்டர் சர்வீஸ் கடையில்தான் எடுத்துவந்தார்கள். குளிப்பாட்டி, கோடிச் சேலை போர்த்தி, அம்மாவை வண்டியில் ஏற்றினார்கள். பெரிய சக்கரங்களால், வண்டியின் பழைய உயரத்தைவிட நான்கு விரல் உயரமாக அவர் படுத்திருந்தார். வண்டி நகர்ந்தது. பெண்கள் தெருமுக்கு வரைதான். அங்கே நின்று தர்ஷினி பார்த்தாள். தோண்டிப் போட்ட செம்மண்ணில் முள்முள்ளான டயர்கள் அழுந்தி, நேர்க்கோடுகள் இரண்டு விழுந்துகொண்டே போயின. தகரப் பந்தலின் மாலை ஆடியது. அம்மாவின் தலை ஆடவில்லை. அவள் வளைவு மறையும் வரை அந்தத் தலையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாலையில் ஆண்கள் குளித்துவிட்டுத் திரும்பினார்கள். பொன்னுசாமி ஈர வேட்டியோடு மருமகளைத் தேடி வந்து, கொட்டகை வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"தலை அசையவே இல்ல தாயி. தோண்டுன பள்ளத்துலகூட."

அவள் தலையாட்டினாள்.

"சங்கத்து ஆளு, கோவிந்தப்பன், வண்டியச் சங்கத்துக் கொட்டாயில விட்டுப் பூட்டிட்டாரு. 'இனிமே இந்தத் தெருவுல எல்லாரும் அக்கா சக்கரத்துலதான் போவாங்க'ன்னாரு." அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்து முடிக்க நேரமாயிற்று. "அங்க ஒருத்தன் வண்டியச் சுத்திச் சுத்திப் பாத்தான். வீல் யாரு கட்டுனதுன்னு கேட்டான்."

"என்ன சொன்னீங்க மாமா?"

"எந்தங்கச்சின்னு சொன்னேன். நாலு பேருக்குக் கேக்குற மாதிரி."

உள்ளே வெள்ளைச்சாமி, முன்சக்கரம் இல்லாத வண்டியின் ஃபோர்க்குக்கு அடியில் இரண்டு செங்கல்களை வைத்து நிறுத்திக்கொண்டிருந்தார். பிறகு கையால் பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டார். அது சத்தமில்லாமல் சுற்றியது.

அந்த வீடு இழந்தவை: சரஸ்வதி அம்மாள். முன்சக்கரங்கள் இரண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பந்தயம்.

பின்சக்கரம் இருக்கிறது.