எதிர்மாடிக் கொடி

அன்றைக்குக் கொடியில் முதலில் தொங்கியது மஞ்சள் துண்டா, சாம்பல் நிறப் போர்வையா என்று எனக்கு நிச்சயமில்லை. கட்டம்மா இதை இரண்டு தடவை சொன்னாள். முதல் தடவை துண்டு என்றாள், அடுத்த தடவை போர்வை என்றாள். நடுவில் அவள் பேசாமல் இருந்த நேரம்தான் அதிகம். அந்த இடங்களில் நானாக எதையாவது நிரப்பியிருக்கலாம். ஆனால் அன்று காலை எட்டு மணிக்கு அவள் ஒரு துணியை உதறினாள், உதறிய கை அப்படியே நின்றுபோனது. இரண்டு தடவையும் அது மாறவில்லை.

கட்டம்மா என்பது அவளுடைய நாத்தனார் வைத்த பேர். நெசவு ஆலைகளுக்குத் துணி வடிவங்கள் வரைந்து கொடுப்பது அவள் தொழில். எதை வரைய உட்கார்ந்தாலும் கட்டம் கட்டமாகத்தான் வரும்.

அந்தக் கட்டங்கள் இரண்டு வருடமாக ஒரே இடத்திலிருந்து வந்துகொண்டிருந்தன. சமையலறை ஜன்னலுக்கு நேரே, குறுகிய சந்துக்கு அப்பால், எதிர்வீட்டு மொட்டைமாடி. அங்கே ஓர் அம்மாள் தினமும் காலையில் துணி காயப்போடுவார். பாசிப்பச்சைத் தலையணை உறை, பக்கத்தில் செங்கல் நிறச் சட்டை, ஒரு சாண் இடைவெளி, அப்புறம் வெள்ளை. யாரும் யோசிக்காமல் தானாக விழுந்த வரிசை என்று நினைத்துத்தான் கட்டம்மா சொக்கிப்போனாள். ஜன்னலில் நின்றபடியே நோட்டில் குறித்துக்கொள்வாள்.

"அண்ணி அங்க நின்னா போதும், இங்க பால் பொங்கி ஊர்வலம் போகுது" என்பாள் நாத்தனார்.

கிழிந்த துணிகளைப் பிரித்து மறுபடி நூலாக்கி நெய்கிற ஓர் ஆலை, திரைச்சீலைகளுக்காக அவளுடைய பன்னிரண்டு வடிவங்களைத் தேர்ந்தெடுத்திருந்தது. துணியின் ஓரத்தில் அவள் பேரையும் நெய்வார்களாம். ஏழு வருடமாகப் பேரில்லாமல் வரைந்தவளுக்கு அது சின்ன விஷயமில்லை. பாக்கி இருந்தது ஒரு தாள்தான். 'இவ்வடிவங்கள் முழுவதும் என் சொந்தக் கற்பனை; வேறு எவருடைய வடிவமைப்பிலிருந்தும் எடுக்கப்பட்டவை அல்ல.' கீழே கையெழுத்துப் போட்டு அன்று மதியத்துக்குள் கொடுக்க வேண்டும். தவறினால் வாய்ப்பு அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

"அவங்க துணியப் பாத்துத்தானே இவ்வளவும்? போய் ஒரு தடவ மூஞ்சியாவது காட்டிட்டு வாங்க" என்று நாத்தனார்தான் விரட்டினாள். அவள் வடிவம் ஒன்றை நெய்து ஆலை அனுப்பியிருந்த மாதிரித் துணியில் ஒரு தலையணை உறை தைத்து வைத்திருந்தாள் கட்டம்மா. அதை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுப் படியேறினாள்.

அம்மாள் வாயில் கிளிப்பைக் கவ்வியபடி திரும்பினார். அறுபது வயதிருக்கும்.

"வந்துட்டியா? இந்தச் சந்து தாண்ட ரெண்டு வருஷம் ஆச்சு உனக்கு."

கட்டம்மா அசடு வழிந்தாள். சும்மா நிற்கக் கூச்சப்பட்டு, நாற்காலிமேல் இருந்த அடுக்கிலிருந்து ஒரு நீலச் சட்டையை எடுத்து, ஈரத்துணியை உதறுகிற மாதிரி ஓங்கி உதறினாள். ஒரு சொட்டுத் தெறிக்கவில்லை. சட்டை மொடமொடவென்று இருந்தது. இஸ்திரி மடிப்புகூடக் கலையவில்லை.

"அம்மா, இது காஞ்சே இருக்கே."

"ஆமா."

"அப்புறம் எதுக்குக் காயப்போடறீங்க?"

அம்மாள் கிளிப்பை வாயிலிருந்து எடுத்தார்.

"உனக்குத்தான்."

கட்டம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கொடிக்குக் கீழே பார்த்தாள். தரையில் தூசி படிந்திருந்தது. ஒரு பொட்டு ஈரம் விழுந்த தடம் இல்லை. அங்கே வாளிகூட இல்லை. எழுநூறு நாளாக நூல் பிசகாமல் பார்த்ததாக நினைத்தவள், ஒரு துணியிலிருந்தும் தண்ணீர் சொட்டவில்லை என்பதைப் பார்க்கவேயில்லை.

"ஜவுளிக்கடைக் கண்ணாடிக்குள்ள பொம்மைங்களுக்கு உடுத்தி நிறுத்தறது என் வேலைம்மா" என்றார் அம்மாள். "கடைய மூடிட்டாங்க. கை சும்மா இருக்கமாட்டேங்குது. மொதல்ல நெஜமாவே தொவச்சுத்தான் போட்டேன். நீ பாத்து என்னமோ எழுதின. மறுநாள் சிவப்ப ஓரத்துக்குத் தள்ளினேன். நீ தலையச் சாய்ச்ச. சரி, இந்தப் பொண்ணுக்குக் கண்ணு இருக்குன்னு தெரிஞ்சுது. ஊதா வெச்சா மட்டும் விறுக்குன்னு உள்ள போயிடுவ. அதான் ஊதாவையே எடுத்துட்டேன்."

"இதெல்லாம் உங்க வீட்டுத் துணியா?"

"வீட்டுல இருக்கறது பத்துமா? பழைய துணிக் கடையில பொறுக்கிட்டு வருவேன். சாயந்திரம் கட்டில்மேல பரப்பிப் பாத்துட்டு, காலையில இங்க."

'தற்செயலின் அழகு' என்று தன் வடிவங்களைப் பற்றி ஆலைக்கு எழுதிக்கொடுத்த வரி நினைவுக்கு வந்து கட்டம்மாவின் காதெல்லாம் சுட்டது. வெட்கத்துக்குப் பின்னால் கோபம் வந்தது.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா? வந்து நல்லாருக்குன்னு சொல்லிட்டு, ரெண்டு நாள் மரியாதைக்குப் பாத்துட்டு, மூணாம் நாள் ஜன்னலச் சாத்தியிருப்ப."

கட்டம்மா தலையணை உறையை நீட்டினாள். அம்மாள் அதை வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"இது மழை நின்ன மறுநாள் வெச்சது. மூணாவது நான் வெள்ளைதானே வெச்சேன்? நீ சாம்பலாக்கிட்ட."

"ஆமா."

"ம்." மறுபடியும் பார்த்தார். "அது எனக்குத் தோணல."

உறையை அவரிடமே விட்டுவிட்டுக் கட்டம்மா படியிறங்கினாள்.

வீட்டில் அந்தத் தாளை எதிரில் வைத்துக்கொண்டு கல்லாட்டம் உட்கார்ந்திருந்தாள் கட்டம்மா. சங்கதி முழுவதையும் கேட்ட நாத்தனார் வாய்மேல் கைவைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "இது யாருக்கு அண்ணி தெரியப்போகுது? அவங்களா வந்து கேக்கப்போறாங்க? போட்டுத் தள்ளுங்க கையெழுத்த" என்றாள்.

கட்டம்மாவும் பேனாவைத் திறந்தாள். முதல் எழுத்தையும் போட்டுவிட்டாள். சாம்பல் நிறம் மட்டும்தான் என்னுடையது என்று அப்போது தோன்றியதாம். அது பன்னிரண்டில் எத்தனை இடம் என்று எண்ணக்கூடப் பயமாக இருந்ததாம். 'முழுவதும் என் சொந்தக் கற்பனை' என்பதை அடித்தாள். மேலே எழுதினாள்: 'வரிசை அமைத்தவர் எதிர்மாடியில் இருக்கிறார். அதைப் பார்த்து, சில இடங்களை மாற்றி வரைந்தவள் நான்.' மதியத்துக்குள் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

ஆலை மேலாளர் அதை இரண்டு தரம் படித்தார். "என்னம்மா வெளையாடறீங்களா? துணி காயப்போட்டவங்களுக்கெல்லாம் பேர் போட முடியுமா?"

"காயப்போடல சார். அது காஞ்ச துணி" என்றாள் கட்டம்மா.

ஆலை வேறொருவரின் அலைக்கோட்டு வடிவத்தை எடுத்துக்கொண்டது. அடுத்த வருடம் ஒரு சின்னத் தறிக்காரர் பன்னிரண்டில் நான்கை, அம்மாள் பேரையும் கட்டம்மா பேரையும் ஓரத்தில் போட்டு நெய்தார். மற்ற எட்டும் நெய்யப்படவில்லை. அம்மாள் மகனோடு வேறு தெருவுக்குக் குடிபோனார். பழைய துணிக் கடைக்காரர் தன் கடைக் கண்ணாடியை அவரிடம் விட்டிருக்கிறார். அதிலுள்ள துணி வரிசையை அம்மாள் வாரம் ஒருமுறை மாற்றுகிறார். நாத்தனாருக்குக் கல்யாணமாகி இரண்டு குழந்தைகள். கட்டம்மா ஒரு போர்வை ஆலையில் மாதச் சம்பளத்துக்கு வரைகிறாள்.