வல்லாரைக் குழியும் மாற்றுக் குழியும்

சுனாமியில் கடல் மாங்கேணி ஊருக்குள் வந்துபோன பிறகு, நிவாரணத்தில் அழகரத்தினத்துக்குத் தோணி கிடைக்கவில்லை. கிணறு கிடைத்தது, ஆனால் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. இரண்டு வருடம் கழித்து எங்கிருந்தோ வந்த பீரங்கிச் செல் ஒன்று வீட்டு வளவின் மூலையில் விழுந்து, எந்த நிவாரண அமைப்பும் செய்யாத வேலையைச் செய்தது: நல்ல தண்ணீர் ஊறும் இடத்தைத் தோண்டிக் காட்டியது.

இடம்பெயர்ந்து இருந்த முகாமிலிருந்து திரும்பிய அழகரத்தினம் அந்தக் குழியின் சரிவில் வல்லாரையை ஊன்றினார். கணுவுக்குக் கணு வேர்விட்டுக் கொடி நாலு பக்கமும் ஓடியது. வெயில் ஏறினால் தென்னோலை நிழல், மண் காய்ந்தால் வாளித் தண்ணீர் என்று பிள்ளை வளர்ப்பதுபோல் வளர்த்தார். வாழைச்சேனைச் சந்தைக்குப் போகும் வல்லாரைக் கட்டுகள்தான் அவருக்கும் பெண்சாதி பத்தினிப்பிள்ளைக்கும் அடுப்பெரிய வைத்தன.

யுத்தம் முடிந்த மறுவருடம் கோகுலராஜ் வந்தான். ‘குழியற்ற கிராமம்’ திட்டத்தின் இணைப்பாளர். கழுத்தில் அட்டை, கையில் கோப்பு, வாயில் ‘நிலைபேறான அபிவிருத்தி’.

“ஐயா, ஊரில மிச்சமிருக்கிற கடைசிச் செல் குழி உங்கடதான். வெள்ளிக்கிழமை எங்கட தலைவர் கொழும்பால வாறார். அவர் கையால மூடப்போறம்.”

“மூடினா நாங்க எதைத் திங்கிற, தம்பி?”

“அதுக்கு வேற பிரிவு இருக்கு.”

“அது எப்ப வரும்?”

“இன்னும் தொடங்கல்ல.”

பத்தினிப்பிள்ளை குறுக்கிட்டாள். “உங்களுக்கு மூட ஒரு குழி வேணும், அவ்வளவுதானே? இந்தக் குழிதான் எண்டு இல்லையே?”

கோகுலராஜ் யோசித்தான். வளவுப் பாதையில் தலைவரின் சப்பாத்து சேறாகும். “றோட்டோரமா இருந்தா நல்லதுதான்” என்றான்.

அழகரத்தினம் மண்வெட்டியோடு றோட்டோரத்தில் குழி வெட்ட இறங்கினார். ஊர் கூடியது. செல் விழுந்த குழி எப்படி இருக்கும் என்று தெரியாத ஒரு ஆளும் மாங்கேணியில் இல்லை.

“என்னகா இது, கக்கூசுக்கு வெட்டின மாதிரி?” என்றார் பக்கத்து வளவு சாமித்தம்பி. “சதுரமா விழுற செல்ல எந்த நாட்டில செய்யிற?”

“விளிம்பில மண் சிதறிக் கிடக்கவேணும்,” என்றாள் அவர் மனைவி அன்னப்பூரணி. “செல் வந்த பக்கம் குறைய, மற்றப் பக்கம் கூட.”

“எந்தப் பக்கத்தால வந்ததெண்டு வைப்பம்?” என்று கேட்டார் அழகரத்தினம்.

கூட்டத்தில் நின்ற இரண்டு பேர் வீட்டில் வேலை கிடப்பது நினைவுக்கு வந்து போய்விட்டார்கள்.

“நேரே மேலால விழுந்ததெண்டு வைப்பம்,” என்று சாமித்தம்பி தீர்த்துவைத்தார்.

வெள்ளிக்கிழமை தலைவர் வந்தார். மண் ஏற்றிய டிராக்டரும் வந்தது. தலைவர் குழியின் விளிம்பில் நின்று கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். கண் கலங்கியிருந்தது.

“இந்தத் தழும்பை மூடுவதற்கு நாம் யார்? வருங்காலச் சந்ததி இதைப் பார்க்க வேண்டாமா? இது ஒரு நினைவுச்சின்னம். இதைப் பாதுகாப்போம்!”

எல்லோரும் கை தட்டினார்கள். அழகரத்தினமும் தட்டினார், பாதியில் நிறுத்தினார்.

தலைவரின் வாகனம் போனதும் கோகுலராஜ் அருகில் வந்தான். “கோவிக்காதீங்க, ஐயா. ஒரு குழி மூடியாச்செண்டு அறிக்கை நேத்தே போயிட்டு. மண்ணும் வந்திட்டு.”

டிராக்டர் வளவுப் பக்கம் திரும்பியது.

“அரை மணித்தியாலம் பொறுங்க” என்றாள் பத்தினிப்பிள்ளை. வேரோடு ஒட்டிய சேறு உதிராமல் இருவரும் வல்லாரையைப் பாளம் பாளமாகப் பெயர்த்து ஓலைக் கடகத்தில் அடுக்கினார்கள். கடைசிக் கடகம் கரையேறியதும் மண் விழுந்தது.

அழகரத்தினம் றோட்டோரக் குழிக்குள் இறங்கி, அடியில் ஊறியிருந்த தண்ணீரை விரலால் தொட்டு நக்கினார். உப்பில்லை.

“கடகத்தைத் தாகா,” என்றார்.

மறுகிழமை நினைவுச்சின்னத்துக்குக் கம்பிவேலி வந்தது. ஆடு மாடு தலை நுழைக்க முடியாத அப்படியொரு வேலி அந்த ஊரில் எந்தத் தோட்டத்துக்கும் இருந்ததில்லை. ‘உள்ளே செல்லத் தடை’ என்று மூன்று மொழியில் பலகை. வேலிப் பூட்டின் திறப்பை யாராவது வைத்திருக்க வேண்டுமே என்று கோகுலராஜ் அழகரத்தினத்திடம் கொடுத்தான்.

இப்போது மாதத்துக்கு ஒருமுறையாவது பஸ்ஸில் ஆட்கள் வந்து, வேலியோரம் வரிசையாக நின்று, தலைகுனிந்து ஒரு நிமிடம் மௌனம் காக்கிறார்கள். குழிக்குள் குந்தியிருக்கும் பத்தினிப்பிள்ளை, மரியாதைக்குக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, நிமிடம் முடிந்ததும் அடுத்த கட்டுக்கு வல்லாரை அறுக்கத் தொடங்குகிறாள்.